இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் கிராவல் சைக்கிள்: எங்கே ஓட்டலாம், எப்போது ஓட்டலாம்?

ரெடிங் நகரில் குடியேறி ஓராண்டு ஆகிறது, 40 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள் (தார்ச்சாலையிலும் சரளை, மண் பாதையிலும் ஓடும் சைக்கிள்) ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காமன் நிலத்துக்குள் நல்ல சரளைப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, நாயோடு நடந்து வந்த ஒருவர் நிறுத்தி, இங்கே சைக்கிள் ஓட்டக்கூடாது என்று சொன்னாராம். காமன் என்றால் எல்லோருக்கும் பொதுதானே, கால்வாய்க் கரையிலும் இப்படித் தடுப்பார்களா, வார இறுதியில் நிம்மதியாக ஓட்ட எந்த வழி நல்லது என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது வழிகளின் பட்டியல் கேட்கும் கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு விஷயங்கள். கண் முன்னால் ஒரு பாதை பிரிகிறது. அதில் திரும்ப எனக்கு உரிமை உண்டா? திரும்பினால் இந்த மாதத்தில் சக்கரம் உருளுமா? இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் வழியை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

நான் தென் இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் குழுக்களை அழைத்துப் போகிறவன். சட்டம் படித்தவன் அல்ல. பாதை உரிமை பற்றி நான் சொல்வதெல்லாம் குழுவை நடத்துவதற்காகக் கற்றுக்கொண்டது. ஒரு குறிப்பிட்ட பாதையைப் பற்றித் தகராறு வந்தால் இறுதிச் சொல் அந்தப் பகுதியின் கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வரைபடத்துக்குத்தான், எனக்கல்ல.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பொதுப் பாதைகள் நான்கு வகை. ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்களுக்கும். ரெஸ்ட்ரிக்டட் பைவே என்பதில் இவற்றோடு குதிரை வண்டியும் போகலாம். நான்காவதான திறந்த பைவேயில் மோட்டார் வண்டிக்கும் இடம் உண்டு. கம்பங்களில் இருக்கும் அம்புக்குறியின் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நீலம் என்றால் பிரைடில்வே, ஊதா ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு திறந்த பைவே. மஞ்சளைத் தவிர மற்ற மூன்றிலும் உங்களுக்கு உரிமை உண்டு. மொத்தப் பொதுப் பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. ஊருக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பாதைகளாகத் தெரிந்தும், சட்டப்படி ஒரு வட்டம் போட நாம் திணறுவது இதனால்தான்.

பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தில்தான் வந்தது. அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம் வழிவிட வேண்டும். இரண்டாவது பலருக்குத் தெரியாது: சைக்கிளுக்கு ஏற்றபடி அந்தப் பாதையைச் செப்பனிட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. வரைபடத்தில் பிரைடில்வே என்று அழகாக ஓடும் கோடு, நேரில் குதிரைக் குளம்புகள் மிதித்துக் குழப்பிய முழங்கால் சேறாக இருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. உழுத வயலின் குறுக்கே போகும் பிரைடில்வே என்றால் கதை வேறு. விதைப்புக்காக உழுதபின் 14 நாளுக்குள் குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்குப் பாதையை மீண்டும் சமன்படுத்தித் தர வேண்டியது விவசாயியின் கடமை. செய்யவில்லை என்றால் கவுன்சிலில் தெரிவிக்கலாம்.

ஃபுட்பாத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பொதுவாக அது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல். சிவில் விவகாரம், குற்றமல்ல. ஆனால் அந்த நிலத்துக்கென்று துணைவிதிகள் இருந்து, அவை சைக்கிளைத் தடை செய்திருந்தால் அங்கே குற்றமாகிவிடும். தெருவோர நடைமேடை இன்னொரு கணக்கு. அதில் ஓட்டுவது 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். குற்றமல்ல என்பதற்காக ஃபுட்பாத்தில் ஓட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஒருவரால் எரிச்சலடையும் விவசாயி, அடுத்து அனுமதி கேட்டு வரும் சைக்கிள் சங்கத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் சைக்கிள்காரருக்கும் பெரும்பாலான நிலங்களில் போகும் உரிமை தந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இங்கே அப்படி இல்லை.

இனி உங்கள் காமன். காமன் நிலம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. ஒரு பிரபுக் குடும்பமாக இருக்கலாம், கவுன்சிலாக இருக்கலாம், நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையாக இருக்கலாம். அந்த நிலத்தில் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் இலையுதிர் காலத்தில் பன்றிகளை விட்டு ஓக் கொட்டை தின்ன வைக்கவும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சிலவற்றுக்கு நூற்றாண்டுகளாக உரிமை இருக்கிறது. பொதுமக்கள் நுழையும் உரிமை அதன்பின் வந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட காமன்களிலும் மேட்டு நிலங்களிலும் அந்த உரிமை காலால் நடப்பவர்களுக்கு மட்டுமே. சைக்கிளை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்குகிறது. ஆகவே காமனுக்குள் போகும் சரளைப் பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும், அது பிரைடில்வேயாகவோ பைவேயாகவோ இருக்க வேண்டும், அல்லது நிலத்தை நிர்வகிப்பவர்கள் சைக்கிளுக்கு என்று தனியே அனுமதித்திருக்க வேண்டும். உங்களை நிறுத்தியவர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் சொல்வதாலேயே சரியாகிவிடாது. பிரைடில்வேயில் போகிறவரையும் ஃபுட்பாத் என்று நினைத்து நிறுத்துபவர்கள் உண்டு.

காமனுக்குக் காமன் விதி மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். லண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் வனம் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லண்டன் சிட்டி மாநகராட்சி பாதுகாக்கும் இடம். அங்கே சில பழங்கால மண்கோட்டைகளையும் குறிப்பிட்ட சில பகுதிகளையும் தவிர்த்துப் பெரும்பாலும் ஓட்டலாம். லண்டனின் தென்மேற்கில் உள்ள விம்பிள்டன் காமனிலோ குறித்துவைத்த சில பாதைகளில் மட்டும்தான் அனுமதி. தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வனம் இன்னும் கவனம் வேண்டிய இடம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மிக நல்ல சரளை. ஆனால் எண் போட்ட கட்டைகள் நட்ட சைக்கிள் வலைப்பின்னலுக்கு வெளியே அந்த அரசு வனத்தில் போகக்கூடாது. சமவெளிப் புதர்களில் நைட்ஜார், கர்லூ போன்ற பறவைகள் தரையிலேயே கூடு கட்டுகின்றன. குட்டியோடு நிற்கும் குதிரைகள் வேறு. நிர்வாகத்தின் கண்டிப்புக்கு நல்ல காரணம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும்.

கால்வாய்க்கரைப் பாதையின் நிலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 2,000 மைல், கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. கரைப் பாதைகளில் பெரும்பாலானவை சட்டப்படியான பொதுப் பாதைகளாகப் பதிவாகாதவை. டிரஸ்ட் அனுமதிப்பதால் நாம் போகிறோம். முன்பு சைக்கிளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, இப்போது இல்லை. ஆகவே பொதுவாக உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே முன்னுரிமை எப்போதும் நடப்பவருக்கே. விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் சாலையில் போங்கள் என்பதுதான் டிரஸ்ட் வெளிப்படையாகச் சொல்வது.

அந்தப் பாதை படகை இழுத்த குதிரைக்காகப் போடப்பட்டது. இதைப் புரிந்துகொண்டால் அதன் ஆபத்துகள் எல்லாம் புரியும். பாலத்தின் அடியில் பாதை குறுகி, வளைந்து, தலை இடிக்கும் உயரத்துக்குத் தாழும். எதிரே வருபவர் தெரியமாட்டார். பழைய பாலங்களின் விளிம்புக் கல்லில் விரல் புதையும் ஆழத்துக்குக் கோடுகள் விழுந்திருப்பதை இறங்கிப் பாருங்கள். ஈரக் கயிறு நூறாண்டுக்கும் மேல் உரசி உரசி அறுத்த தடம் அது. பாலத்துக்கு ஏறும் சரிவில் குறுக்கே வரிசை வரிசையாகச் செங்கல் எழும்பி நிற்பது குளம்பு வழுக்காமல் இருக்க; ஈரத்தில் நம் முன்சக்கரத்தை அது பக்கவாட்டில் தள்ளிவிடும். அடுத்தது மீன் பிடிப்பவர்கள். பத்து மீட்டருக்கும் மேல் நீளும் கார்பன் கம்பை மீன் சிக்கியதும் பின்னோக்கி உருவுவார்கள், அது பாதையின் குறுக்கே கிடக்கும். அதன் மேல் சக்கரம் ஏறினால் பெரும் பண இழப்பு, பெரும் சண்டை. தூரத்திலேயே மணி அடித்து, அவர் தலையசைத்தபின் போங்கள். கட்டிய படகுகளுக்கு அருகே இரும்பு முளையும் கயிறும் கிடக்கும். தண்ணீரில் விழுந்தால், வீட்டுக்கு வந்ததும் குளித்துக் காயங்களைக் கழுவுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் கால்வாய் நீரில் வரக்கூடியது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் கால்வாயில் விழுந்ததையும் சொல்ல வேண்டும்.

உங்கள் வாசலிலேயே ஓடுவது கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல். இதில் எல்லா இடமும் ஒரே தரம் இல்லை. நகரங்களுக்கு அருகே நன்றாக இறுகிய தளம். நகரை விட்டு விலக விலகப் புல்லுக்கு நடுவே ஒற்றையடித் தடம், மர வேர், ஜூன் ஜூலையில் தொடை உயரம் செந்தட்டி. ரெடிங் முதல் நியூபரி வரை பாதி நாள் வேலை. தீல், ஆல்டர்மாஸ்டன், தாட்சம் என்று ரயில் நிலையங்கள் கால்வாயை ஒட்டியே வருவதால் களைத்தால் எங்கே வேண்டுமானாலும் ரயில் ஏறலாம். வழியில் தீலுக்கு அருகே கார்ஸ்டன் லாக்கில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். படகை ஏற்றி இறக்கும் இந்த மதகுத் தொட்டிக்குக் கல் சுவர் கிடையாது. சரிந்த மண் கரையும் அதில் முளைத்த நாணலும்தான். இந்தக் கால்வாயில் அப்படி மிஞ்சியவை இரண்டே இரண்டு. நியூபரிக்கு மேற்கே டிவைசஸ் வரை தேசியச் சைக்கிள் வழித்தடம் 4 பெரும்பாலும் கிராமச் சாலைகளில் போகிறது, நீங்களும் அதையே பின்பற்றுங்கள். டிவைசஸிலிருந்து பாத் நகர் வரை மறுபடி கரைக்கு வரலாம். கேன் ஹில்லில் மொத்தம் 29 லாக்குகள், அவற்றில் 16 ஒரே சரிவில் நேர்கோட்டில் இறங்குகின்றன. அதைக் கீழே நின்று பார்க்காமல் போய்விடாதீர்கள். பிராட்ஃபோர்டு ஆன் ஏவனுக்கும் பாத்துக்கும் நடுவே கால்வாய் ஆற்றைக் கல் பாலத்தின் மேல் இருமுறை கடக்கிறது. கோடை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அங்கே நடக்கவே இடமிருக்காது. காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் அது வேறு ஊர்.

இரண்டாவது கேள்வி, சக்கரம் உருளுமா என்பது. இங்கே வழிகாட்டிகள் பேசும் பேச்சில் பாதி மண்ணைப் பற்றித்தான் இருக்கும். தென் இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறை, மணற்பாறை, களிமண் மூன்றும் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. சுண்ணாம்புக் குன்றின் முதுகு கோடையில் கெட்டியாகி, வெள்ளையாக, வேகமாக ஓடும். ஒரு மழை பெய்தால் மேல் படலம் மட்டும் இளகி, எண்ணெய் ஊற்றிய தரை போல வழுக்கும். குறிப்பாக உழவு வண்டிச் சக்கரம் பள்ளமாக்கிய தடங்களில், பள்ளத்திலிருந்து வெளியே ஏற முயலும்போதுதான் ஆள் விழுவார். குன்றின் அடிவாரத்தில் ஊற்று கசியும், அங்கே களிமண் தொடங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை அதில் சக்கரம் சுற்றுவதே நின்றுவிடும், சைக்கிளின் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துக்கொள்ளும். சில்ட்டர்ன் மலைகளின் உச்சியில் களிமண்ணோடு சிக்கிமுக்கிக் கல் கலந்திருக்கிறது, சேறும் பஞ்சரும் சேர்ந்து கிடைக்கும். சர்ரே மாவட்டத்தின் லீத் ஹில், ஹோம்பரி ஹில் பக்கம் மணற்பாறை, மழைநீர் உடனே இறங்கிவிடும். ப்ராக்னெல் அருகே ஸ்வின்லி வனமும் மணல், சைக்கிளுக்கென்றே நிறக் குறியிட்ட தடங்களும் உண்டு. குளிர்காலத்துக்கு மணல், கால்வாய், பழைய ரயில் பாதை. மே முதல் செப்டம்பர் வரை சுண்ணாம்புக் குன்று. இதை மாற்றிச் செய்து ஆசை விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்புக் குன்றில் நான் முதலில் அனுப்புவது ரிட்ஜ்வேக்குத்தான். ஏவ்பரி அருகே ஓவர்ட்டன் ஹில் முதல் ஐவிங்ஹோ பீக்கன் வரை 87 மைல் நீளும் பழம்பாதை இது. கால்வாயும் அதே 87 மைல் என்பது தற்செயல். இதன் மேற்குப் பாதி, அதாவது ஓவர்ட்டன் ஹில் முதல் தேம்ஸ் கரையில் உள்ள ஸ்ட்ரீட்லி வரை, பைவேயும் பிரைடில்வேயுமாகச் சைக்கிளுக்குத் திறந்தது. ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனதும் பல இடங்களில் ஃபுட்பாத் ஆகிவிடுகிறது. பெயர்ப்பலகை அதேதான் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. கிழக்கே போக வேண்டுமானால் கோரிங்கிலிருந்து தொடங்கும் ஸ்வான்ஸ் வே என்ற பிரைடில்வேயைப் பிடியுங்கள். மேற்கே போனால் ரெடிங்கிலிருந்து ரயிலில் கோரிங், அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஸ்ட்ரீட்லி, பிறகு நீண்ட ஏற்றம். ஏறி முடித்ததும் பல மைல்களுக்கு ஊரே கிடையாது. வலப்பக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடக்கும், வானம்பாடி கத்தும், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். 261 மீட்டர் உயரத்தில் ஒயிட்ஹார்ஸ் ஹில். சரிவில் சுண்ணாம்பு நிரப்பி வரைந்த வெள்ளைக் குதிரைக்கு வயது ஏறத்தாழ 3,000 ஆண்டு. அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மரங்களுக்கு நடுவே அதைவிடப் பழைய கல்லறை, வேலண்ட்ஸ் ஸ்மிதி. மேலே தண்ணீர்க் குழாய்கள் அரிது, இரண்டு பாட்டில் இல்லாமல் கோடையில் ஏறாதீர்கள். திரும்புவதற்கு ஸ்விண்டனில் ரயில், பாதியில் இறங்குவதென்றால் டிட்கோட்.

அதன்பின் சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டர் முதல் ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல். ஏறக்குறைய முழுவதும் சைக்கிளுக்கு உரிமை உள்ள பாதை. ஆனால் ஏற்ற இறக்கம் கடுமை, கிராவல் சைக்கிளின் எல்லையை அது தொடும். சைக்ளிங் யூகே என்ற சைக்கிள்காரர் அமைப்பு 2020-இல் வகுத்த கிங் ஆல்ஃபிரட்ஸ் வே இவற்றை எல்லாம் வின்செஸ்டரிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, உங்கள் ரெடிங், ஃபார்னம் வழியாக 350 கி.மீ. வட்டமாகக் கோத்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் யோசியுங்கள். குளிர்காலத்துக்கு டவுன்ஸ் லிங்க் நல்லது. 1960-களில் மூடிய ரயில் பாதையின் மேல் கில்ட்ஃபோர்டு பக்கத்திலிருந்து ஷோரம் கடற்கரை வரை 37 மைல், பெரிய மேடே இல்லை.

டயர் பற்றி: 40 மி.மீ. போதும், 45 இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியம், டியூப் இல்லாமல், ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவத்தை டயருக்குள் ஊற்றி ஓட்டுவது. காரணம் வேலிப்புதர். பறவைகள் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டக்கூடாது என்பது விதி. ஆகவே செப்டம்பரில் இயந்திரத்தை எடுப்பார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் பாதை முழுக்கச் சிதறும். இலையுதிர் காலத்தில் பஞ்சர் மழையாகப் பொழிவது இதனால்தான். புதிதாக வெட்டிய வேலியைக் கண்டால் இறங்கி நடப்பதே லாபம்.

வரைபடத்துக்கு, அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் தாள் அல்லது அதன் செயலி. குட்டைப் பச்சைக் கோடுகள் ஃபுட்பாத், நீளமான பச்சைக் கோடுகள் பிரைடில்வே. உங்களுக்கு 159, 158, 170, 157 ஆகிய தாள்கள் போதும். ஸ்ட்ராவா செயலியில் பலர் ஓட்டிய தடங்களைக் காட்டும் வெப்பவரைபடம் போன்றவை அங்கே யாரோ ஓட்டினார்கள் என்பதை மட்டும்தான் காட்டும், ஓட்டலாம் என்பதைக் காட்டாது. கோமூட் என்ற வழிகாட்டிச் செயலி போட்டுத் தரும் வழியையும் வீட்டிலேயே ஆர்ட்னன்ஸ் சர்வேயோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். களத்தில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. பிரைடில்வே வாயிற்கதவில், குதிரை மேல் அமர்ந்தபடியே திறக்க வசதியாக உயரமாக நீட்டிய இரும்புக் கைப்பிடி இருக்கும். ஏறித் தாண்டும் மரப்படி எதிர்ப்பட்டால், நீங்கள் வழி தவறி ஃபுட்பாத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். ‘தனியார் சாலை’ என்ற பலகை மட்டும் உங்களைத் தடுக்காது. தனியார் சாலையின் மேலேயே பொது பிரைடில்வே போவது இங்கே சகஜம்.

குதிரை எதிரே வந்தால் மணி அடிக்காதீர்கள், வாயால் ‘ஹலோ’ சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் அது மிரளாது. வேகத்தைக் குறைத்து, இடம் விட்டு, பின்னாலிருந்து போவதென்றால் ஓட்டுபவர் சரி என்று சொல்லும்வரை காத்திருங்கள்.

முதல் வாரத்துக்கு: மழை இல்லாமல் ஒரு வாரம் கழிந்திருந்தால் கோரிங்கில் தொடங்கி ரிட்ஜ்வே வழியாக வாண்டேஜ் ஊருக்கு மேலே உள்ள குன்று வரை போய் டிட்கோட்டில் இறங்குங்கள், மழை பெய்திருந்தால் கால்வாய்க் கரையில் தாட்சம் வரை போய் ரயிலில் திரும்புங்கள். உங்களை நிறுத்திய அந்தக் காமனின் பெயரையும், எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள். கவுன்சில் வரைபடத்தில் அந்தப் பாதை என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.